முன் சக்கரத்தில் ஓர் ஓசை

மோட்டார் வண்டி வைத்திருப்போர் யாவரும் ஏதேனும் ஒரு நாள் புதியதோர் ஓசையைக் கேட்டுத் துணுக்குற்றிருப்பார்கள். நேற்று வரை இல்லாத ஒலி, இன்று பள்ளம் மேடு வரும்போதெல்லாம் காலடியிலிருந்து எழும்பும். சிலர் வானொலியைச் சற்று உரக்க வைத்துக்கொண்டு அதை மறந்துவிடுவர். சிலர் பணிமனைக்கு விரைந்து சென்று, அங்கே எழுதித் தரும் நீண்ட பட்டியலுக்குப் பணம் கட்டுவர். இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்று உண்டு. ஒலி எங்கிருந்து பிறக்கிறது என்று முறையாகத் தேடிப் பிடிப்பதே அவ்வழி. அவ்வாறு தேடிய கதை ஒன்றை இவ்விதழ் வாசகர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன். தேடிய பொருள் ஒன்று. கிடைத்த பொருள் வேறொன்று. அதனாலேயே இது சொல்லத்தக்கதாயிற்று.

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பகுதியில் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. எதிர்வீட்டு வங்காள நண்பருக்கு அவருடைய தந்தையார் விட்டுச் சென்ற செல்வம், 1968-ஆம் ஆண்டைச் சேர்ந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் கார். இருவர் மட்டுமே அமரக்கூடிய, கூரையை மடக்கித் திறந்துகொள்ளும் சிறிய விளையாட்டுக் கார் அது. 2018-ஆம் ஆண்டு மழைக்காலம் முடிந்தபின், அதன் முன்புறத்தில் இடப்பக்கமாக 'டொக் டொக்' என்ற ஒலி கேட்கத் தொடங்கியது. நகரத்துப் பணிமனை ஒன்றில் காட்டியபோது, ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், புஷ்கள் என்று முன்புறச் சஸ்பென்ஷன் முழுவதையுமே மாற்றவேண்டும் என்றார்களாம். அதற்கு அவர்கள் சொன்ன தொகையைக் கேட்ட நண்பர், வண்டியை விற்றுவிடலாம் என்றே முடிவு செய்துவிட்டார். அவருடைய மகளோ அவ்வாண்டுதான் ஓட்டுநர் உரிமம் பெற்றிருந்தாள். தாத்தாவின் வண்டியைத் தானே ஓட்டவேண்டும் என்பது அவளுடைய பல நாள் ஆசை. "விற்பதற்கு முன் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை எனக்குக் கொடுங்கள், தாதா" என்று கேட்டேன். அவர் இசைந்தார்.

அந்நிய நாட்டு விளையாட்டுக் காருக்கும் நமக்கும் என்ன உறவு என்று வாசகர் வினவலாம். நெருங்கிய உறவே உண்டு. ஸ்பிட்ஃபயர் வண்டிகள் 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் உற்பத்தியாயின. அதன் உருவத்தை வரைந்தவர் ஜியோவானி மிக்கெலாட்டி என்ற இத்தாலியர். 1959-இல் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டு காருக்கும் அவரே உருவம் தந்தவர். அந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தை நீளம் குறைத்து, அதன் முன்புறச் சஸ்பென்ஷன் அமைப்பையே எடுத்துக்கொண்டு ஸ்பிட்ஃபயரை ஆக்கினார்கள். ஹெரால்டு என்றதும் நம்மவருள் வயது முதிர்ந்தோருக்கு முகம் மலரும். 1961 முதல் சென்னையில் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் உருவாகி, அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் அடுத்தபடியாக நம் சாலைகளில் உலவிய வண்டி அதுவே அன்றோ! ஆகவே, கவென்ட்ரியில் பிறந்த இந்த ஸ்பிட்ஃபயரின் முன் சக்கரங்களைச் சென்னை மெக்கானிக் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டே கழற்றி மாட்டுவார். அத்தகைய ஒருவர் எங்கள் குடும்பத்திலேயே இருந்தார். அவரைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

முன்புறச் சஸ்பென்ஷனின் அமைப்பை முதலில் சுருக்கமாக அறிந்துகொள்வது நலம். ஒவ்வொரு முன் சக்கரத்துக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு கவைகள் உள்ளன. கோழியின் நெஞ்செலும்பைப் போல் இருப்பதால் ஆங்கிலேயர் இவற்றை விஷ்போன் என்பர். இவ்விரு கவைகளின் வெளிமுனைகளையும் இணைத்துச் செங்குத்தாக நிற்கும் எஃகுத் தூண் ஒன்று சக்கரத்தைத் தாங்குகிறது. தூணின் மேல்முனையில் பால் ஜாயிண்ட் இருக்கிறது. கீழ்முனையில் மரை வெட்டப்பட்டு, அது ஒரு வெண்கலக் கூட்டினுள் திருகப்பட்டிருக்கும். இக்கூட்டுக்கு டிரன்னியன் என்று பெயர். நம் வீட்டார் இரயில் பயணத்துக்குக் கொண்டு செல்லும் கூஜாவின் திருகுமூடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தூணானது கூட்டினுள் அம்மூடியைப் போலவே திருகித் திரும்புகிறது. ஸ்பிரிங் கீழ்க்கவையின் மீது அமர்ந்திருப்பதால், சக்கரம் ஏற்கும் பாரம் இந்த மரை வழியாகவே ஸ்பிரிங்கைச் சென்றடைகிறது. இவையன்றி, இடப்புற வலப்புறக் கீழ்க்கவைகளை இணைக்கும் ஆன்டி ரோல் பார் என்ற நீண்ட தண்டும் உண்டு. வளைவுகளில் வண்டி ஒருபக்கமாகச் சாயாமல் தடுப்பது அதன் பணி.

முதல் ஞாயிறன்று நாங்கள் ஸ்பேனரையே தொடவில்லை. காகிதமும் பென்சிலுமாக வண்டியில் ஏறினோம். நண்பர் ஓட்டினார், நான் கேட்டேன். ஒலி எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன். ஒலிகளைக் குறிக்க நம் மொழியைப் போல் வளமுடைய மொழி அரிது. 'டொக்' வேறு, 'லொடலொட' வேறு, 'கிறீச்' வேறு. காரின் முன்புறமும் இச்சொற்களையெல்லாம் தனித்தனியே பேசும். மெதுவாகச் செல்லுகையில் சிறு பள்ளங்களில் 'டொக்' என்றால், ஷாக் அப்சார்பரின் மேல்முனை கீழ்முனை ரப்பர்களையோ, ஆன்டி ரோல் பாரின் இணைப்புகளையோ ஐயுறவேண்டும். பிரேக் மிதித்த கணத்தில் ஒரே ஒரு முறை 'டக்' என்றால், விஷ்போன் புஷ்களையும் பிரேக் காலிப்பரின் போல்ட்டுகளையும் பார்க்கவேண்டும். நின்ற நிலையில் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் அசைக்கும்போது ஒலித்தால், டை ராடு முனைகளும் ஸ்டியரிங் ராக்கின் பிடிப்புகளும் காரணமாகலாம். வேகத்துக்கேற்ப ஏறி இறங்கும் ரீங்காரம் பேரிங்கினுடையது. 'கிறீச்' என்பது பெரும்பாலும் உலர்ந்த ரப்பரின் குரல். ஐயமிருந்தால் அந்த ரப்பரின்மேல் சிறிது தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம். ஒலி சற்று நேரம் அடங்கினால் ஐயம் தெளிந்தது. என்ஜின் ஆயிலை மட்டும் அதன்மேல் விடலாகாது. அது ரப்பரை ஊதச் செய்து கெடுத்துவிடும். விளக்கெண்ணெய் அவ்வாறு கெடுப்பதில்லை.

எங்கள் காகிதத்தில் வியப்பான செய்தி ஒன்று பதிவாயிற்று. அகன்ற வேகத்தடையின் மீது இரு முன் சக்கரங்களும் ஒருசேர ஏறி இறங்கியபோது ஒலி கேட்கவில்லை. டிராம் தண்டவாளத்தைச் சாய்வாகக் கடந்து, ஒரு சக்கரம் முன்னும் மற்றது பின்னுமாக ஏறியபோதெல்லாம் தவறாமல் ஒலித்தது. வண்டியின் வேகமோ பிரேக்கோ அதை மாற்றவில்லை. ஷாக் அப்சார்பரின் ரப்பர் தேய்ந்திருந்தால், இரு சக்கரங்களும் சேர்ந்து எழும்போதும் அது ஒலித்தாக வேண்டும். இரு சக்கரங்களும் வெவ்வேறு உயரத்தில் நிற்கும்போதுதான் முறுக்கேறும் உறுப்பு ஒன்றே ஒன்று; அது ஆன்டி ரோல் பார். ஆகவே ஐயம் அதன்மேல் விழுந்தது. ஆனால் ஐயம் என்பது தீர்ப்பாகாது. சாட்சியம் வேண்டும்.

இரண்டாம் ஞாயிறன்று சாட்சியம் தேடினோம். இவ்வகை வண்டிகளில் முன்மூடியே நல்ல பொய்ச்சாட்சி. மட்கார்டுகளோடு சேர்ந்து ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழும் பெரிய மூடி அது. வேலை செய்பவனுக்கு அது பெரிய வசதி. சக்கரமும் ஸ்பிரிங்கும் வெட்டவெளிக்கு வந்துவிடும். ஆனால் அதன் ரப்பர்த் தாங்கிகள் தேய்ந்துவிட்டால், சஸ்பென்ஷன் போலவே அது ஒலி செய்யும். எனவே மடித்த துணியை மூடியின் விளிம்புகளில் அடைத்து ஓட்டிப் பார்த்தோம். ஒலி மாறவில்லை; மூடி நிரபராதி. அதன்பின் ஆன்டி ரோல் பாரின் இருபுறத்து இணைப்புகளையும் கழற்றி, தண்டைக் கம்பியால் கட்டிவைத்து, தெருவிலேயே மெதுவாக ஓட்டினோம். டிராம் தண்டவாளம் வந்தது, கடந்தது. ஒலி இல்லை. கையிலெடுத்துப் பார்த்தபோது, ஒலி வந்த இடப்புறத்தை விட்டு, வலப்புற இணைப்பின் ரப்பர் புஷ்ஷே முழுவதும் தேய்ந்து, இரும்போடு இரும்பு மோதிய தழும்பு தெரிந்தது. அடிச்சட்டத்தின் எஃகு வழியே ஒலி பயணம் செய்து இடப்பக்கம் வந்து கேட்டிருக்கிறது. காதின் சொல்லை நம்பி இடப்புறத்தையே கழற்றிக்கொண்டிருந்தால் ஓராண்டாயினும் விடை கிடைத்திராது.

நண்பருடைய மகிழ்ச்சிக்கு அளவில்லை. மிகச் சிறிய செலவில் வேலை முடிந்துவிட்டதென்று இனிப்பு வாங்கி வந்துவிட்டார். அன்று மாலை சென்னையிலுள்ள என் சித்தப்பாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். 1965-ஆம் ஆண்டில் இளைஞராகப் பணிமனை வேலைக்குச் சேர்ந்த அவர், ஹெரால்டு வண்டிகளைப் பல ஆண்டுகள் பழுது பார்த்தவர். நான் எதிர்பார்த்த பாராட்டு வரவில்லை. ஒரு வினாவே வந்தது.

"சத்தம் கிடக்கட்டும்பா. டிரன்னியனுக்கு எண்ணெய் விட்டிருக்கா, கிரீஸ் அடிச்சிருக்கா? அதைப் பார்த்துட்டுச் சொல்லு."

"அதிலே சத்தம் ஒண்ணும் வரலையே, சித்தப்பா" என்றேன்.

"வராது. அதனாலேதான் கேக்கிறேன்" என்றார்.

அதன்பின் அவர் விளக்கியவற்றை அப்படியே எழுதிக்கொண்டேன். டிரன்னியன் நல்ல அமைப்பு. வேண்டிய எண்ணெயை வேண்டிய காலத்தில் கொடுத்தால் நெடுநாள் உழைக்கும். லோட்டஸ் எலான் போன்ற புகழ்பெற்ற விளையாட்டுக் கார்களும் டிரையம்ஃபின் இதே தூணையும் கூட்டையும் கடன் வாங்கிக்கொண்டவையே. ஆனால் அதற்கு வேண்டியது கெட்டியான கியர் ஆயில், கிரீஸ் அன்று. மற்ற இடங்களுக்கெல்லாம் கிரீஸ் அடிப்பவர்கள் பழக்கத்தால் இதற்கும் அதையே அடித்துவிடுவர். கிரீஸ் மரையின் இடுக்குகளுக்குள் பரவாமல் நாளடைவில் இறுகிவிடும். மேலே உள்ள ரப்பர் வளையம் வெடித்தால் மழைநீர் உள்ளே இறங்கும். எஃகு மரை துருப்பிடிக்கும். துருவின் குழியில் விரிசல் தோன்றும். பின்பு ஒரு நாள் தூண் மரையருகே முறிந்து, சக்கரம் மட்கார்டினுள் மடிந்துவிடும். பெரும்பாலும் அது நிகழ்வது நெடுஞ்சாலை வேகத்தில் அன்று. ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாக வண்டியைத் திருப்பும்போது. இறுகிய மரை திரும்ப மறுத்து, தூண் முறுக்கப்படுவதே காரணம். ஏறத்தாழ 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் என்று புகழ்பெற்ற குடும்பம் இது. சந்துகளில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிக்கும் ஆசையை அப்புகழே தூண்டிவிடும்.

எங்கள் தெருவின் அகலத்தை நான் நினைத்துப் பார்த்தேன். ஓட்டக் கற்றுக்கொண்ட இளம்பெண் ஒருத்தி, அந்தத் தெருவில் வண்டியைத் திருப்ப ஸ்டியரிங்கை எத்தனை முறை முழுவதும் ஒடிக்க நேரும் என்பதையும் நினைத்துப் பார்த்தேன்.

மூன்றாம் ஞாயிறன்று அனுபவமிக்க மிஸ்திரி ஒருவரையும் துணைக்கு அழைத்துக்கொண்டோம். பின்சக்கரங்களுக்கு மரக்கட்டை அண்டை கொடுத்து, முன்புறத்தைத் தூக்கி, அடிச்சட்டத்தை இரும்புத் தாங்கிகளின் மேல் இருத்தினோம். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு கணமும் வண்டிக்கு அடியில் புகலாகாது என்பதை இளைஞர்களுக்கு நான் சொல்லித் தீராது. சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பற்றி உள்ளும் வெளியுமாக அசைத்தால் சிறிது ஆட்டம் தெரிந்தது. நண்பரைப் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கச் சொல்லி மீண்டும் அசைத்தேன். பிரேக் சக்கரத்தையும் தூணையும் ஒன்றாகப் பூட்டிவிடுவதால், பேரிங்கின் ஆட்டமானால் அது மறைந்துவிட வேண்டும். மறையவில்லை. டார்ச் விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது, மேல் பால் ஜாயிண்ட் அசையாமல் இருந்தது. கீழே டிரன்னியனுக்கும் தூணுக்கும் இடையே அசைவு தெரிந்தது. எண்ணெய்த் துளையின் திருகைக் கழற்றியபோது எண்ணெய் வரவில்லை. காய்ந்த சோப்புக் கட்டியைப் போல் இறுகிய பழைய கிரீஸே வந்தது.

டிரன்னியனைக் கீழ்க்கவையோடு பிணைக்கும் நீண்ட போல்ட் துருவால் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை வெளியேற்றவே அன்று பகல் முழுவதும் சென்றது. அமுக்கப்பட்ட ஸ்பிரிங்கைத் தக்க கருவியின்றிக் கழற்றுவது உயிருக்கே ஆபத்து. நல்லவேளையாக இந்த வேலைக்கு அதைத் தொட வேண்டியதில்லை. தூணை வெளியே எடுத்துத் துடைத்து, பூதக்கண்ணாடியால் மரையைப் பார்த்தோம். வலப்புறத்தில் துருவின் குழிகள் வரிசையாக இருந்தன. இடப்புறத்தில் அவற்றோடு, மரையின் அடிப்பள்ளத்தில் மயிரிழை போன்ற கோடு ஒன்றும் இருந்தது. நண்பர் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்; ஒன்றும் பேசவில்லை. உள்ளே சென்று தம் மகளை அழைத்து வந்து அதைக் காட்டினார்.

பழைய உதிரிப் பாகங்களுக்குப் பெயர்பெற்ற மல்லிக் பஜாரில் ஹெரால்டின் தூண் கிடைக்கக்கூடும் என்றார் மிஸ்திரி. சித்தப்பா அதற்கு உடன்படவில்லை. எவ்வளவு காலம் எண்ணெயின்றி ஓடியது என்று தெரியாத தூணுக்குப் பதிலாக, அவ்வாறே தெரியாத இன்னொரு தூணை மாட்டுவதால் பயன் என்ன என்று கேட்டார். ஆகவே இரு புறத்துக்கும் புதிய தூணையும் கூட்டையும் இங்கிலாந்திலிருந்து வரவழைத்தோம். இவ்வண்டிகளின் பாகங்களை இன்றும் அங்கே செய்து விற்கிறார்கள். விலையோடு சுங்கவரியும் சேர்ந்தது. ஆயினும் பணிமனை கேட்ட தொகையில் அது ஒரு சிறு பகுதியே. அத்துடன் பணிமனையின் நீண்ட பட்டியலில் டிரன்னியன் என்ற சொல்லே இல்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

பாகங்கள் வந்து சேர்ந்த பின், நான்காவது ஞாயிறு 2019 ஜனவரியில் வாய்த்தது. சித்தப்பா தொலைபேசியில் சொல்லச் சொல்ல வேலை நடந்தது. இரு புறத்து மரைகளும் எதிரெதிர்த் திசையில் வெட்டப்பட்டவை. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் மாட்ட முயலக்கூடாது. தூணைக் கூட்டினுள் அடிவரை திருகியபின், சக்கரம் இருபுறமும் முழுவதும் திரும்புவதற்கு இடம் விட்டுச் சற்றே பின்வாங்க வேண்டும். ரப்பர் புஷ்கள் உள்ள போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கக்கூடாது. வண்டி தன் பாரத்தோடு தரையில் நிற்கும்போதே இறுக்கவேண்டும். இல்லையேல் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழியும். கடைசியாகக் கியர் ஆயிலை, மரையின் மேல்புறத்தில் கசியும் வரை செலுத்தினோம். ஆன்டி ரோல் பாரின் இணைப்புகளுக்கும் புதிய ரப்பர்கள் போட்டாயிற்று. அன்று மாலை அப்பெண் தன் தந்தையை அருகில் இருத்திக்கொண்டு சதர்ன் அவென்யூவில் ரவீந்திர சரோவர் ஏரியோரமாக ஓட்டிச் சென்றாள். ஸ்டியரிங் முன்னைவிட இலேசாக இருக்கிறதென்று அவள் சொன்னாள். வண்டியை விற்கும் பேச்சு பிறகு எழவில்லை. ஆண்டுதோறும் மழைக்கு முன் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் டிரன்னியனுக்கு எண்ணெய் விடுவது இப்போது அவளுடைய பொறுப்பு.

நம் வாசகருள் ஸ்பிட்ஃபயர் வைத்திருப்போர் ஒருவரும் இல்லாமலிருக்கலாம். ஸ்கூட்டரோ சிறிய காரோ எல்லார் வீட்டிலும் இருக்கிறது. ஒலி கேட்டால், அது எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்று முதலில் எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். காது காட்டும் திசையை முடிவாகக் கொள்ளாதீர்கள். குற்றவாளியைக் கையில் பிடித்த பிறகே பணத்தை எடுங்கள். அவ்வளவும் செய்து ஒலி அடங்கிய பின், ஒலி செய்யாத உறுப்புகளையும் ஒரு முறை விசாரித்துவிடுங்கள். கூச்சலிடும் குறை தன்னை எப்படியும் நமக்கு அறிவித்துவிடும். வாய் திறவாத குறையை நாம்தான் தேடிச் செல்லவேண்டும்.

சித்தப்பாவுக்கு அப்போது 74 வயது. ஹெரால்டு வண்டிகள் சாலையிலிருந்து மறைந்தபின், அவரிடம் டிரன்னியனைப் பற்றி எவரும் கேட்டதில்லையாம். கேளாததால் அவரும் சொன்னதில்லை. வேலை முடிந்த அன்று இரவு, "இன்னும் என்னென்ன எழுதிக்கணுமோ கேளுப்பா, சொல்றேன்" என்றார். ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதி வைத்திருக்கிறேன். ஊரை விட்டு வந்து வாழும் நம் ஒவ்வொருவர் குடும்பத்திலும், அச்சுக்கூடத்திலோ, நெசவாலையிலோ, இரயில்வேப் பணிமனையிலோ கைத்தொழிலைக் கரைத்துக் குடித்த பெரியவர் ஒருவர் இருக்கக்கூடும். அடுத்த முறை நலம் விசாரிக்கையில் தொழிலைப் பற்றியும் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். இயன்றால் இவ்விதழுக்கும் அனுப்புங்கள்.